இதயத்தில் வைத்த வால்வு எத்தனை வருசம் நிற்கும்?

விசுவமடுவில் எங்கள் பெரியப்பாவின் தோட்டக் கிணற்றடியில் ஒரு மிசின் கொட்டில் இருக்கிறது. நாலு கப்பு, மேலே தகரம், ஒரு பக்கம் மட்டும் அரைச்சுவர். அந்தச் சுவரில் அவர் கரிக்கட்டியால் திகதி எழுதி வைப்பார்: ஒயில் மாற்றின நாள், பெல்ட் மாற்றின நாள், புட்வால்வு மாற்றின நாள். கொப்பியில் எழுதலாமே என்று கேட்டால், கொப்பி துலைந்துபோகும், சுவர் எங்கே போகப் போகுது என்பார். (2009இல் சுவரும் போனதுதான். அதை அவருக்கு ஞாபகப்படுத்த வீட்டில் ஒருவருக்கும் துணிவில்லை.)

தோட்டம் செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடி நுனியில் புட்வால்வு பூட்டியிருக்கும். அதற்குள்ளே தோலாலோ ரப்பராலோ ஒரு வாசர். மிசின் இழுக்கும்போது வாசர் எழும்பி வழிவிடும், மிசின் நின்றதும் படிந்து, ஏறின தண்ணீரைத் திரும்ப விழவிடாமல் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை, ஒரு பக்கம் விடு, மறுபக்கம் விடாதே. வாசர் தேய்ந்துவிட்டால் விடிய எழும்பி வாளியால் குழாய்க்குள் தண்ணீர் வார்த்து நிரப்பினால்தான் மிசின் இழுக்கும்.

இதயத்திலும் இதே சங்கதிதான், நாலு இடத்தில். அதில் கடைசி வாசல், இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் இரத்தம் வெளியேறுகிற இடத்தில் இருப்பது, பெருநாடி வால்வு. மூன்று மெல்லிய இதழ்கள். வயது போகப் போகச் சிலருக்கு அந்த இதழ்களில் கல்சியம் படிந்து கட்டியாகி, கதவு முழுக்கத் திறக்காமல் போகும். நல்ல வால்வு திறந்தால் மூன்று, நாலு சதுர சென்ரிமீற்றர் வழி கிடைக்கும். அது ஒன்றுக்கும் கீழே போனால் கடுமையான அடைப்பு என்பார்கள். இதயம் முக்கி முக்கித் தள்ளும். கொஞ்ச நாள் சமாளிக்கும். பிறகு நடந்தால் மூச்சு வாங்கும், நெஞ்சு இறுகும், சிலர் நின்ற நிலையில் மயங்கி விழுவார்கள்.

பெரியப்பாவுக்கு அப்படித்தான் தொடங்கியது. வயது 76. கச்சானுக்குத் தண்ணீர் மாறிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் மூன்று இடத்தில் குந்தியிருந்துவிட்டு வருவார். வெயில் என்றார், பிறகு வயசு என்றார், கடைசியில் பெரியம்மாவின் பிடிவாதத்தால் கிளினிக்குக்குப் போய் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கிற ஸ்கான்) எடுத்தபோது வால்வு இறுகிவிட்டது என்று தெரிந்தது. நெஞ்சைப் பிளக்காமல் கால் நாடி வழியாகப் புது வால்வு வைக்கலாம், டாவி என்று பெயர், கொழும்புக்குப் போக வேண்டும் என்று டொக்டர் சொன்னார். பெரியப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "அது எத்தினை வருசத்துக்கு நிக்கும்?"

"பத்து வருசம் போல" என்றார் டொக்டர். வெளியே வாங்கில் நூறு பேர் இருந்தார்கள், அதற்குமேல் அவருக்கும் நேரமில்லை.

திரும்பி வரும்போது, பஸ் ஏ-9இல் ஏறினதும் பெரியப்பா மெதுவாகக் கேட்டார், "பத்து வருசம் எண்டு ஆர் பிள்ளை எண்ணிப் பாத்தது?"

நான் டொக்டர் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, தேடித் தேடி வாசித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். எனக்கு விளங்கினதை, விளங்கின விதத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் என்ன வைக்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரு உலோக வலைக்கூடு. சிலதில் கோபால்ட் - குரோமியக் கலவை, சிலதில் உடம்புச் சூட்டில் தானாகவே விரிகிற நிற்றினோல். கூட்டுக்குள் மூன்று இதழ்கள் தைத்திருக்கும், இவை பெரும்பாலும் கையால் தைப்பவை. இதழ் எதால் ஆனது என்பதில்தான் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கலவரம் வந்தது. மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கிற மெல்லிய உறையை வெட்டி, பதப்படுத்திச் செய்கிறார்கள். வேறு சில வகையில் பன்றியின் உறை. பெரியம்மா வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடத் தொடாத ஆள். "மாடோ?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பால் தந்தது, உழுதுதந்தது, இதையும் தரட்டும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அதோடு முடிந்தது.

அந்தக் கூட்டை நசுக்கிச் சுருட்டி ஒரு மெல்லிய குழாயின் நுனியில் ஏற்றுவார்கள், ஏறக்குறைய ஒரு பென்சில் தடிப்புக்கு வரும். தொடையடி நாடியால் நுழைத்து, பெருநாடி வழியே மேலே கொண்டுபோய், பழைய வால்வின் நடுவில் நிறுத்தி விரிப்பார்கள். பலூன் வகையானால், விரிக்கிற அந்தச் சில நொடிகளுக்கு இதயத்தை மின்துடிப்பால் நிமிடத்துக்கு 180க்கு மேல் ஓடவிடுவார்கள். அவ்வளவு வேகத்தில் அது உதறுமே தவிர இரத்தத்தைத் தள்ளாது, ஆகவே வால்வு அடித்துக்கொண்டு போகாது. பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. புதியது அதை ஓரத்துக்கு நசுக்கிக்கொண்டு அந்த இடத்தில் குந்திவிடும். இதை ஞாபகத்தில் வையுங்கள், இரண்டாவது வால்வைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இந்த யோசனையை முதலில் கையால் செய்து பார்த்தவர் டென்மார்க்கில் ஒர்குஸ் நகரத்து வைத்தியர் ஹென்னிங் ருட் அண்டர்சன். இரும்புக் கடையில் கம்பி வாங்கி வளைத்து, இறைச்சிக் கடையில் பன்றி இதயம் வாங்கி வால்வை வெட்டித் தைத்து, 1989 மே 1ஆம் திகதி ஒரு பன்றிக்கு வைத்தார். எனக்குப் பிடித்த பகுதி அது, எங்கள் ஊர் மிசின் மெக்கானிக் செய்கிற வேலை மாதிரியே இருக்கிறது. மனிதருக்கு முதலில் வைத்தவர் பிரான்சில் ரூவான் நகரத்து அலன் கிறிபியே, 2002 ஏப்ரல் 16ஆம் திகதி. நோயாளிக்கு 57 வயது, வேறு வழியே இல்லாத நிலை. வால்வு வேலை செய்தது, ஆனால் அவர் சில மாதங்களில் வேறு காரணத்தால் இறந்துபோனார்.

இந்த 2002தான் பெரியப்பாவின் கேள்விக்கான பதிலின் பாதி. அந்த வருசத்திலிருந்து விரல் மடக்கினாலும் கால் நூற்றாண்டு முழுதாக வராது. அதிலும் முதல் சில வருசங்களில் ஒருசிலருக்குத்தான் வைத்தார்கள். பெரிய அளவில் ஒழுங்காக எண்ணத் தொடங்கியது பிறகுதான்: பார்ட்னர் என்கிற ஆய்வின் முதல் முடிவு வந்தது 2010இல். நெஞ்சைத் திறந்து செய்கிற ஒப்பரேசனைத் தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட 358 பேரைப் பார்த்தார்கள். வால்வு வைக்காமல் மருந்தோடும் மற்றச் சிகிச்சையோடும் இருந்தவர்களில் ஒரு வருசத்துக்குள் 50.7 சதவீதம் பேர் இறந்தார்கள். வைத்தவர்களில் 30.7. அன்றைக்கு அதுதான் கேள்வி, இந்த வருசத்தைத் தாண்டுவாரா என்பது. பத்து வருசம் நிற்குமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்கக் கூடிய நிலையில் அந்த நோயாளிகளும் இல்லை.

2010இல் மீள்குடியேறி வந்த சனம் வளவில் வைத்த தென்னம்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். இப்போது நன்றாகக் காய்க்கின்றன. அந்த மரம் நாற்பதாம் வருசத்தில் எப்படிக் காய்க்கும் என்று யாராவது அளந்து சொல்ல முடியுமா? ஊகிக்கலாம், வேறு இடத்துத் தென்னையைப் பார்த்துச் சொல்லலாம். அளந்து சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த வருசம் இன்னும் வரவில்லை.

வருசம் வராமல் எண்ணிப் பார்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 70 தரம் அடித்தால் ஒரு நாளைக்கு ஒரு இலட்சம் தரத்துக்கு மேல் அந்த இதழ்கள் திறந்து மூடும், வருசத்துக்கு மூன்றரைக் கோடிக்கும் கூட. ஆய்வுகூடத்தில் வால்வைத் தண்ணீர் மாதிரி ஒரு திரவத்துக்குள் மாட்டி, இயந்திரத்தால் வேகமாகத் திறந்து மூட வைத்து, 20 கோடி தடவை தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 20 கோடி என்றால் உடம்பில் ஐந்து, ஐந்தரை வருசம். ஆனால் இயந்திரத்துக்குள் இரத்தம் இல்லை, கல்சியம் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி இல்லை. தேய்வை மட்டும் காட்டும். வால்வு பழுதாவதில் தேய்வு ஒரு பங்குதான்.

எப்படித்தான் பழுதாகிறது?

அந்த இதழ் செத்த தோல். பதப்படுத்தாமல் வைத்தால் உடம்பு அதை அந்நியமாகக் கண்டு அரித்துவிடும், ஆகவே குளுட்டரால்டிஹைட் என்கிற இரசாயனத்தில் ஊறவைத்து இறுக்குகிறார்கள். 1960களின் கடைசியில் பாரிஸில் அலன் கார்ப்பன்ரியே என்ற அறுவை வைத்தியர் கொண்டுவந்த முறை. செருப்புத் தோல் பதனிடுவதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். இதனால் இதழ் உரமாகிறது. ஆனால் அதே இரசாயனத்தின் மிச்சம்தான் கல்சியத்தைப் பிடித்திழுக்கவும் செய்கிறது. உயிருள்ள இதழில் கீறல் விழுந்தால் உடம்பு ஓரளவு திருத்தும். செத்த இதழைத் திருத்த ஆளில்லை. வருசக்கணக்கில் கல்சியம் படிந்து விறைத்து, ஒன்றில் சரியாகத் திறக்காது, இல்லையென்றால் விறைத்த ஓரம் கிழிந்து ஒழுகும். இதைத்தான் வால்வின் கட்டமைப்புப் பழுது என்கிறார்கள். எத்தனை வருசம் நிற்கும் என்ற கேள்வி உண்மையில் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

கல்சியம் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கேத்தில் ஞாபகம் வரும். வன்னிக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளையாய்க் காறை பிடிக்கும், கத்தியால் சுரண்டினால் தகடு தகடாய் வரும். பெரியப்பாவும் உடனே, "அப்ப இந்தத் தண்ணி குடிச்சுத்தான் வால்வு இறுகினதோ?" என்று கேட்டார். இல்லை. குடிக்கிற சுண்ணாம்பு அப்படியே போய் வால்வில் ஒட்டுவதில்லை, இரத்தத்தில் கல்சியத்தின் அளவை உடம்பு இறுக்கமாகக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. ஆனால் ஒரு வழியில் எங்கள் பகுதிக்கு இது சம்பந்தப்பட்ட விசயம்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு குழம்பிவிடும், அவர்களுக்கு இப்படி வைத்த வால்வில் கல்சியம் சீக்கிரம் படிகிறது. வவுனியாப் பக்கம் கிட்னி வருத்தக்காரர் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒருவருக்கு வால்வு வைப்பதற்கு முதல் அவருடைய கிட்னி ரிப்போட்டை டொக்டர் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம்.

வயதும் அப்படித்தான், ஆனால் நாங்கள் நினைப்பதற்கு எதிர்ப்பக்கமாக. இளம் ஆட்களுக்கு இப்படி மாடு, பன்றியின் உறையில் செய்த திசு வால்வு சீக்கிரம் பழுதாகும், வயது போனவர்களுக்கு மெதுவாக. இளம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கல்சிய ஓட்டமும் துடிப்பானவை.

இதைக் கேட்டபோதுதான் பெரியப்பாவிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். புட்வால்வு எத்தனை வருசம் நிற்கும்? அவர் என்னைப் படிப்பில்லாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது கிணத்தைப் பொறுத்தது பிள்ளை. மணல் அள்ளுற கிணறெண்டா ஒரு போகம். ஊத்து நல்ல கிணறெண்டா அஞ்சு வருசமும் கிடக்கும்." அவ்வளவுதான். இதய வைத்தியர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான், கிணற்றைப் பொறுத்தது.

சரி, எண்ணினவர்கள் என்ன கண்டார்கள்?

கையில் இருக்கிற நல்ல கணக்குகளில் ஒன்று நோர்டிக் நாடுகளின் நோஷன் ஆய்வு. டென்மார்க்கிலும் சுவீடனிலும் 280 பேர், எல்லோரும் 70 வயதுக்கு மேல், சராசரி 79. சீட்டுக் குலுக்கல் மாதிரிப் பாதிப் பேருக்குக் குழாய் வழியாகவும் பாதிப் பேருக்கு நெஞ்சைத் திறந்தும் வால்வு வைத்துப் பத்து வருசம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2024இல் வந்தது. கடுமையான கட்டமைப்புப் பழுது குழாய் வழி வைத்தவர்களில் 1.5 சதவீதம், ஒப்பரேசனில் வைத்தவர்களில் 10 சதவீதம். வால்வு முற்றாகத் தவறியது, அதாவது வால்வால் இறந்தது, திரும்ப வால்வு மாற்ற வேண்டி வந்தது எல்லாம் சேர்த்து, 9.7க்கு 13.8.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? நானும் துள்ளினேன். பிறகு அடுத்த வரியை வாசித்தேன். பத்து வருசத்துக்குள் அந்த இரண்டு பக்கத்திலும் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் வயதாலும் வேறு வருத்தங்களாலும். 79 வயதில் தொடங்கினால் 89, அதில் வியப்பில்லை. ஆனால் வால்வின் கணக்குக்கு இது சிக்கல். ஒருவர் ஆறாம் வருசத்தில் நியூமோனியாவில் போனால் அவருடைய வால்வு ஆறு வருசம் பழுதில்லாமல் இருந்தது என்றுதான் எழுதலாம். பன்னிரண்டாம் வருசத்தில் அது என்னவாகியிருக்கும் என்று அவரோடு சேர்ந்து புதைந்துவிட்டது. வால்வு நின்றதா, ஆள் முதலில் போனதால் நின்றதுபோலத் தெரிகிறதா? எனக்குத் தெரிந்து, இந்த விசயத்தில் பொதுச் சனம் மட்டுமில்லை, படித்தவர்களும் இடறுகிற கல் இதுதான். "பத்து வருசத்தில் பழுது மிகக் குறைவு" என்ற வசனத்தைக் கேட்டால், எண்ணத் தொடங்கும்போது அவர்களுக்கு என்ன வயது, எண்ணி முடிக்கும்போது எத்தனை பேர் மிச்சம் என்று கேளுங்கள்.

இன்னொன்று. அந்த ஆய்வில் ஒப்பரேசன் பக்கம் பயன்படுத்திய வால்வுகளில் சில, பிறகு சீக்கிரம் பழுதாகிறது என்று பெயர் கெட்டுப்போனவை. ஆகவே குழாய் வால்வு ஜெயித்துவிட்டது என்று கொடி ஏற்றவும் முடியாது.

வயது குறைந்த, உடம்பு திடமான ஆட்களிடம் பார்த்தது பார்ட்னர் 3 ஆய்வு. 1000 பேர், சராசரி வயது 73. ஐந்து வருச முடிவு 2023இல் வந்தது. வால்வு தவறியது குழாய் வழியில் 3.3 சதவீதம், ஒப்பரேசனில் 3.8. ஏறக்குறைய சமம். இந்த ஆட்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள், ஆகவே இவர்களின் பத்தாம், பதினைந்தாம் வருசக் கணக்குகள்தான் உண்மையில் பதில் சொல்லப் போகின்றன.

எப்படி எண்ணினார்கள் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முந்திய காலத்தில் ஒப்பரேசன் வால்வுகளைப் பற்றி எழுதும்போது, திரும்ப ஒப்பரேசன் செய்து மாற்றினால் மட்டும் பழுது என்று எண்ணினார்கள். 85 வயது ஆளுக்கு வால்வு பழுதானாலும் யாரும் நெஞ்சைத் திரும்பத் திறக்கத் துணியமாட்டார்கள், ஆகவே அவர் கணக்கிலேயே வரமாட்டார், வால்வு நல்ல வால்வாகவே ஏட்டில் இருக்கும். இப்போது எக்கோவில் அளந்த மாற்றத்தையும் சேர்த்து எண்ணுகிறார்கள். எண்ணிக்கை கூடிவிட்டதே என்று பார்த்தால், வலைக்கண் சின்னதாகிவிட்டது, ஆகவே கூட மீன் பிடிபடுகிறது.

வால்வுக்கு வருகிற எல்லாக் கேடும் தேய்வுப் பழுதுமில்லை. கூட்டின் ஓரத்தால் ஒழுகலாம், அது பெரும்பாலும் வைத்த நாளிலிருந்தே இருப்பது, கூடு ஒழுங்காகப் பொருந்தாததால் வருவது. இதழில் மெல்லியதாக இரத்தக்கட்டி படியலாம். ஸ்கானில் இதழ் தடித்துத் தெரியும், இரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற மருந்தால் பலருக்குக் கரைந்துவிடும். பிறகு கிருமித் தொற்று. இது வால்வு புதிதோ பழையதோ பார்க்காது, வந்தால் பொல்லாதது. வெற்றிலை போடுகிற, முரசு அழுகின, ஆடுகிற பல்லோடு திரிகிற எங்கள் பக்கத்து வயசாளிகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும், அந்த வாய்தான் கிருமி இரத்தத்துக்குள் போகிற வாசல். வால்வு வைக்க முதல் பல்லைத் திருத்தச் சொல்வார்கள். வைத்த பிறகும் பல்லுப் பிடுங்கப் போனால், எனக்கு இதயத்தில் வால்வு வைத்திருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், அதற்கு முன்கூட்டியே அன்ரிபயோட்டிக் தருவார்கள். பெரியப்பாவுக்கு நாலு பல்லுப் போனது. வால்வைவிட அதற்குத்தான் கூடப் புலம்பினார்.

அப்படியானால் யாருக்கு எது? அமெரிக்காவின் 2020 வழிகாட்டியின்படி, பொதுவாக 65க்குக் கீழே ஒப்பரேசன், 80க்கு மேலே குழாய் வழி, நடுவில் உள்ளவர்களுக்குப் பேசி முடிவெடுப்பது. ஐரோப்பாவில் குழாய் வழிக்கான கோட்டை 2021இல் 75 வயதில் போட்டார்கள், 2025இல் 70க்கு இறக்கினார்கள். கோடு இறங்குகிற வேகத்தைப் பார்த்தால் நம்பிக்கை கூடுகிறது என்று தெரிகிறது. எனக்கு என்னவோ நம்பிக்கை எண்ணிக்கையைவிட இரண்டடி முன்னுக்கு ஓடுகிறது என்றும் படுகிறது.

50 வயது ஆளுக்கு உலோக வால்வு என்று ஒன்று இருக்கிறது, நெஞ்சைத் திறந்து வைப்பது, பெரும்பாலும் ஆயுளுக்கும் தேயாது. ஆனால் ஆயுளுக்கும் இரத்தம் உறையாமல் தடுக்கிற வார்பரின் மருந்து குடிக்க வேண்டும், இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ இருந்துகொண்டு அந்தச் சோதனைக்கு ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி இறங்குகிற ஆளுக்கு, தேயாத வால்வின் விலை அந்தப் பயணங்கள்தான். சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்களின் கதை வேறு, அவர்களுக்குப் பெரும்பாலும் பழுதாவது இடப்பக்கத்து மற்ற வால்வு, ஈரிதழ் வால்வு. இங்கே நான் சொல்கிறவற்றை அதற்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

இனி, வால்வு பழுதானால்?

இன்னொன்றை அதற்குள்ளேயே வைக்கலாம். தேத்தண்ணிக் கோப்பையை அடுக்குவதுபோல, ஒன்றுக்குள் ஒன்று. திரும்பவும் கால் வழிதான். ஆனால் பழையதை எடுப்பதில்லை என்று முதலே சொன்னேன் அல்லவா, ஆகவே சொந்த வால்வு, முதல் கூடு, இரண்டாம் கூடு என்று மூன்று அடுக்கு ஒரே குழாய்க்குள். வழி ஒடுங்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகிற இரண்டு சின்னக் குழாய்களின் வாயும் அந்த வால்வுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. இரண்டாம் கூட்டை விரிக்கும்போது முதல் வால்வின் இதழ்கள் மேல்நோக்கி நிமிர்ந்து நின்று அந்த வாயை மூடிவிட்டால் ஆபத்து. முதல் கூடு உயரமானதா கட்டையானதா, எவ்வளவு ஆழத்தில் வைத்தது, அந்த ஆளின் நாடி எவ்வளவு அகலம், எல்லாம் சேர்ந்துதான் இரண்டாவது முடியுமா என்று தீர்மானிக்கும். முடியாவிட்டால் நெஞ்சைத் திறந்து எடுக்க வேண்டும். வருசக்கணக்கில் நாடிச் சுவரோடு ஒட்டி வளர்ந்த கூட்டைப் பிரித்தெடுப்பது முதல் ஒப்பரேசனைவிடக் கடினம்.

ஆகவே 68 வயது ஆளுக்கு வால்வு வைக்கும்போது, எத்தனை வருசம் நிற்கும் என்பதோடு, அது நிற்காமல் போகிற நாளில் இரண்டாவது வைக்க இடமிருக்குமா என்றும் கேட்க வேண்டும். முதல் நாளே ஸ்கானில் அளந்து சொல்லக் கூடிய விசயம் இது. 85 வயது ஆளுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமில்லை, அவருக்கு ஒரு வால்வே போதும் என்ற வாய்ப்புத்தான் கூட. சொல்லக் கொஞ்சம் கசப்பாக இருக்கிறது, பெரியப்பாவிடம் சொல்லும்போதும் நாக்குத் தடுமாறியது, அவர்தான் சிரித்துக்கொண்டு, "ரெண்டு மிசினும் ஓடுது, எது முதல் நிக்குமெண்டுதானே கேள்வி" என்றார்.

வால்வு வைத்தாயிற்று, வீட்டுக்கு வந்தாயிற்று. இதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வைத்து ஒரு மாதமளவில் எடுக்கிற எக்கோ ரிப்போட்டைப் பொன் மாதிரி வைத்திருங்கள். அதில் மீன் கிரேடியன்ட் (mean gradient) என்று ஒரு எண் இருக்கும். வால்வின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம், பிரஷர் அளக்கிற அதே கணக்கில். இறுகின வால்வில் 40க்கு மேல் நிற்கும். புது வால்வில் பெரும்பாலும் 10க்குக் கிட்ட. பிறகு வருசம் ஒருமுறை எக்கோ எடுத்து அந்த முதல் எண்ணோடு ஒப்பிட வேண்டும். குறைந்தது 10 கூடி, 20ஐயும் தொட்டுவிட்டால் வால்வு பழுதாகத் தொடங்குகிறது என்று யோசிப்பார்கள். குறைந்தது 20 கூடி, 30ஐயும் தொட்டுவிட்டால் கடுமை. முதல் எண் இல்லாமல் ஐந்தாம் வருசத்து எண் மட்டும் இருந்தால் டொக்டருக்குப் பாதிக் கண் கட்டின மாதிரி. 22 என்று வந்தால், அது ஏறின 22ஆ, சின்ன வால்வு வைத்ததால் முதலிலிருந்தே இருக்கிற 22ஆ? அதோடு வால்வின் பெயரும் அளவும் எழுதின ஒரு அட்டை தருவார்கள், இரண்டாவது வால்வு வைக்க வேண்டி வந்தால் அந்த அளவுதான் முதலில் கேட்பார்கள்.

வன்னிச் சனத்துக்குப் பத்திரம் வைத்திருக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம், காணி உறுதி எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, ஓடவேண்டி வந்தால் முதலில் தூக்குகிற இடத்தில் வைத்துப் பழகின சனம். ஆனால் எக்கோ ரிப்போட் அந்தப் பைக்குள் போவதில்லை, அது கிளினிக் கொப்பிக்குள் மடித்த இடத்தில் கிழிந்து, மை மங்கிக் கிடக்கும். அதை உறுதிப் பைக்குள் மாற்றுங்கள். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

எண் நன்றாக இருந்தாலும், திரும்ப மூச்சு வாங்கத் தொடங்கினால், கால் வீங்கினால், காரணமில்லாத காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், வருச எக்கோவுக்குக் காத்திருக்க வேண்டாம், குறிப்பாகக் காய்ச்சலுக்கு. பனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கிற காய்ச்சல் இல்லை அது.

பெரியப்பாவுக்கு வைத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார், தொடையில் ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான், ஊராருக்குக் காட்ட ஒன்றுமில்லையே என்று அவருக்குக் கவலை. ஒரு மாதத்து எக்கோவில் 11. ஒரு வருசத்தில் 12. "ஏறுது பிள்ளை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு அளக்கிற கையைப் பொறுத்து மாறும், அன்றைக்கு இதயம் எவ்வளவு வேகமாக அடித்தது என்பதைப் பொறுத்தும் மாறும், அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை.

போன சிறுபோகத்துக்கு மிசின் கொட்டிலுக்குப் போனபோது சுவரைப் பார்த்தேன். ஒயில், பெல்ட் திகதிகளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை: எக்கோ 52, எக்கோ 11, எக்கோ 12, ஒவ்வொன்றுக்கும் நேரே திகதி. அதற்குக் கீழே புது புட்வால்வு பூட்டின நாள். இந்த முறை பித்தளை இல்லை, பிளாஸ்ரிக். பக்கத்தில் சின்ன எழுத்தில், "கடைக்காரன் 5 வருசம் எண்டவன். பாப்பம்."